வையாபுரியின் பயம்

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். குளிர்காற்று என் காதுக்கு ஆகாது. நான் இப்படி உள்பக்கம் உட்கார்ந்துகொள்கிறேன். அந்தப் பையையும் கொடுங்கள், காலடியில் வைக்கலாம். மலை ஏறும்போது மடியில் பை இருந்தால் எதையாவது பிடித்துக்கொள்ளக் கை இருக்காது.

பையிலிருந்து எட்டிப் பார்க்கிறதே, அந்த நோட்டீஸைக் கொஞ்சம் பார்க்கட்டுமா? "பணியிடத்தில் ஆதரவு, மனதில் உற்சாகம், வேலையில் ஈடுபாடு." ஓகோ. மேலே புதிதாகக் கட்டியிருக்கிறார்களே, அந்த ஓட்டல்காரர்களுக்கு வகுப்பு எடுக்கப் போகிறீர்களா? நல்ல காரியம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் பலகையில் எழுதப் போகிறதை நான் கையால் செய்தவன். பயந்து நொறுங்கிப்போன ஒரு ஆளை, அவனுக்கே தெரியாமல், ஒரு மழைக்காலம் முழுக்கத் தாங்கிப் பிடித்தவன்.

அவன் பெயர் வையாபுரி. டிரைவர். நான் கண்டக்டர், இருசப்பன். சோலையம்மன் டிரான்ஸ்போர்ட் என்று ஒரு கம்பெனி இருந்தது, இப்போது இல்லை. இந்த மலையில் ஏறிய முதல் பஸ் அவர்களுடையது. அதில் ஊதிய முதல் விசில் என்னுடையது. நான் ஊதினால் அடிவாரத்துச் சந்தையில் மாடு திரும்பிப் பார்க்கும். வேண்டுமானால் மேலே யாரையாவது கேளுங்கள். வயசானவர்களாகப் பார்த்துக் கேளுங்கள்.

கிளம்பிவிட்டது. இந்த டிரைவர் சின்ன வயசு, கொஞ்சம் வேகம். பரவாயில்லை.

இப்போது இந்தக் கொண்டை ஊசி வளைவு, பெண்டையெல்லாம் வெட்டி அகலமாக்கிவிட்டார்கள். அப்போது அப்படியில்லை. பதினேழாம் பெண்டில் எங்கள் வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. மூக்கு போய்ப் பாறையை முகர்ந்துகொண்டு நிற்கும். அங்கிருந்து பின்னால் எடுக்க வேண்டும், பள்ளத்தை நோக்கி. டிரைவருக்குப் பின்பக்கம் ஒன்றும் தெரியாது. கண்டக்டர் இறங்கிப் போய், பின்சக்கரமும் விளிம்பும் சேர்ந்து தெரிகிற இடத்தில் நின்று ஊத வேண்டும். விட்டு விட்டு ஊதினால் வா. நீளமாக ஊதினால் நில். ஊதவே இல்லையென்றால் அசையாதே. அவ்வளவுதான் பாஷை. உள்ளே உட்கார்ந்திருக்கிற அத்தனை பேர் உயிரும் அந்த விசிலில் இருக்கும்.

ஆடி மாதம் ஒருநாள், நல்ல மழை, நான் அப்படி ஊதிக்கொண்டிருக்கும்போது விளிம்பு பெயர்ந்துவிட்டது. நீளமாக ஊதிவிட்டேன், அதில் சந்தேகமே வேண்டாம். வண்டி நின்றது. ஒரு பின்சக்கரம் மட்டும் பாதி வெளியே. நான்தான் மண்ணோடு கீழே போய்விட்டேன்.

போனவன் நேராக ஒரு காட்டெருமை மேல் விழுந்தேன்.

சிரிக்காதீர்கள் சார். அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. முதுகில் ஒரு கண்டக்டர் வந்து விழுவான் என்று அது எதிர்பார்க்குமா? எடுத்தது ஓட்டம். நான் டிக்கெட் பையைப் பல்லில் கடித்துக்கொண்டு, எதிரே வந்த ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். எருமை கொஞ்ச தூரம் போய் நின்றது. நான் இறங்க வேண்டிய ஸ்டாப் இதுதானா என்று கேட்கிற மாதிரி நின்றது. அதன் பிறகு அது என்ன செய்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதுதான் விஷயமே.

மேலே வையாபுரி என்ன செய்தான் தெரியுமா? பயணிகளை முன்வாசல் வழியாக இறக்கிவிட்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கி என்னிடமே வந்துவிட்டான். மேலே தனியாக நிற்க அவனுக்குப் பயம். ஆள் வாட்டசாட்டமானவன், கழுத்து உரல் மாதிரி இருக்கும். என்ன பிரயோஜனம்? என்னை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினான். அவன் உடம்பு நடுங்கிய நடுக்கத்தில் என் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. "அண்ணே, கழுத்த கொஞ்சம் தளத்திப் புடிங்க, மூச்சு முட்டுது" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். பயந்தவனுக்கு மூச்சு முட்டத்தானே செய்யும்.

அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது. இவன் உடைந்துவிட்டான்.

இது எத்தனையாவது பெண்டு? ஆறா? இன்னும் நேரம் இருக்கிறது.

விழுந்ததில் முறிந்த காலின் கட்டைப் பிரித்து நான் மறுபடி வேலைக்கு வந்த காலையில் தூறல். வண்டி நிறைந்துவிட்டது. நான் பின்படிக்கட்டில் ஒரு காலை வைத்துச் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தேன். அந்த வார் அன்றைக்கென்று மாட்டவே இல்லை. கிளம்பும் நேரம் தாண்டிவிட்டது. வையாபுரி ஹாரன் அடித்திருக்கலாம், அடிக்கவில்லை. தானே இறங்கி வந்தான். என் காலைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். நான் அன்றைக்குப் போட்டிருந்தது வாரே இல்லாத ரப்பர் செருப்பு என்று எங்கள் ஷெட் மெக்கானிக் சூசை பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். சூசை சொல்வதையெல்லாம் நம்பினால் ஆயிற்றா?

வையாபுரி கிட்டே வந்து, யார் காதிலும் விழாமல் சொன்னான். "அண்ணே, எனக்கு ஒரு உதவி பண்ணணும். மனசு படபடன்னு அடிக்குது. தனியா ஓட்ட முடியும்னு தோணல. நீங்க பின்னால நிக்காதீங்க. முன்னால எம்பக்கத்துல என்ஜின் பேனட் மேல உக்காந்து எதையாச்சும் பேசிக்கிட்டே வாங்க."

எவ்வளவு பெரிய ஆள், எப்படிக் குறுகிப்போய்க் கேட்கிறான் பாருங்கள். வேறு ஒருத்தனாக இருந்தால், பொம்பளை மாதிரி என்னடா பயம் என்று கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. "சரிடா, உனக்காக வர்றேன்" என்றேன். படிக்கட்டிலிருந்து காலை எடுத்ததும் அந்த வார் தானாகச் சரியாகிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் ஏற்பாடே மாறிவிட்டது. வண்டி நகர்வதற்கு முன்னாலேயே அடிவாரத்தில் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவேன். மலைக்காரர்கள் நல்லவர்கள், சீக்கிரமே வந்து உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். பிறகு நான் பேனட்மேல். காட்டெருமைக் கதையை ஆரம்பிப்பேன். வையாபுரி "ம்" கொட்டுவான். நேர் ரோட்டில் பேசாமல்தான் வருவான். பெண்டு நெருங்குகிறது என்றால் போதும், அவனுக்குப் பயம் வந்துவிடும், உடனே ஒரு கேள்வி கேட்பான். "அது என்ன நெறம்ணே?" "கொம்பு எந்தப் பக்கம் வளைஞ்சிருந்துச்சு?" நான் வெளியே பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துச் சொல்வேன். சொல்லி முடிக்கும்போது பெண்டு பின்னால் போயிருக்கும். தினம் ஒரு கேள்வி புதிதாகக் கேட்பான். நானும் தினம் அந்த எருமைக்குப் புதிதாக ஒன்று வளர்த்துவிடுவேன். கார்த்திகை வருவதற்குள் அது யானை உயரத்துக்கு வந்துவிட்டது.

பதினேழாம் பெண்டு ரிவர்சுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்க வருகிறீர்கள். அதுவும் தானாக அமைந்தது. சூசைக்குத் திடீரென்று கியர்பாக்ஸ் மேல் ஒரு பைத்தியம் பிடித்தது. ஏதோ சத்தம் வருகிறது, கூடவே வந்து கேட்டால்தான் பிடிபடும் என்று தினமும் எங்களோடு ஏறிக்கொண்டான். பதினேழில் வண்டி நின்றதும், "நான் கீழ எறங்கிச் சத்தம் கேக்கப் போறேன், அப்படியே ஊதிடறேன். விசிலக் குடுங்கண்ணே" என்பான். என் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுப்பேன். நான் முன்னாலேயே இருந்து வையாபுரியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே. கடைசிவரை அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று சூசை கண்டுபிடிக்கவே இல்லை. எனக்கும் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்று சொல்கிறேன் சார், வகுப்பில் சொல்லுங்கள். தாங்கப்படுகிறவனுக்குத் தன்னைத் தாங்குகிறார்கள் என்று தெரியவே கூடாது. தெரிந்தால் மனசு விட்டுப்போகும். வையாபுரிக்கு இன்றுவரை தெரியாது. அந்த மழைக்காலத்தில் நான் ஒருநாள்கூட லீவு போடவில்லை. காலையில் எழும்போதே வேலைக்குப் போக வேண்டும் என்று இருக்கும். ஒருத்தன் நம்மை நம்பி வண்டி எடுக்கிறான் என்றால் எப்படிப் படுத்துக் கிடப்பது?

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் மேனேஜர் தெய்வநாயகம் வந்து விழுந்தார்.

முதலாளிக்கு மச்சான் முறை. பஸ்ஸில் போனதைவிட பஸ்ஸைப் பற்றிப் பேசியது அதிகம். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், கண்டக்டர் பின்வாசலில் இல்லை, மெக்கானிக் விசில் ஊதுகிறான் என்று. ஷெட்டில் எல்லாரையும் நிற்க வைத்தார். "இந்த ரூட்ல பயந்தாங்கொள்ளிக்கு எடம் கெடையாது. நாளைக்கு நானே வண்டில வர்றேன். அவனவன் வேலைய அவனவன் செய்யணும். செய்யாதவன் மேலயே எறங்கிக்கலாம், திரும்ப என் வண்டில ஏற வேண்டாம்" என்றார். பேசும்போது அவர் பார்வை என் பக்கம் இருந்தது. ஆனால் சொன்னது வையாபுரியைத்தான். நேரே பார்த்துச் சொல்ல அவருக்கே கூச்சம்.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று பெண்பிள்ளைகள், வேறு தொழில் தெரியாது, இந்த வேலை போனால் என்ன கதி? வையாபுரியைச் சொல்கிறேன். எனக்கும் மூன்றுதான், அது வேறு.

மறுநாள் மழை, திரை போட்ட மாதிரி. தெய்வநாயகம் முதல் சீட்டில், குடையைத் தொடைக்கு நடுவில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சூசை வழக்கம்போல் ஏற வந்தான். "ஷெட்ல வேல இல்லையா உனக்கு?" என்று இறக்கிவிட்டார். அவன் மழையில் நனைந்துகொண்டே, வண்டி கண்ணுக்கு மறையும்வரை நின்றான். என்னைப் பின்வாசலுக்குப் போகச் சொன்னார். போனேன். ஆனால் டிக்கெட் கணக்கு பார்க்க நடுவில் இருப்பதுதான் வசதி என்று நடுவிலேயே ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பெண்டுக்குப் பெண்டு வையாபுரி கண்ணாடியில் என்னைத் தேடுவான். பாவம், பக்கத்தில் ஆள் இல்லாமல் தவிக்கிறான். எல்லாருக்கும் தெரியும், பதினேழு வருகிறது என்று.

வந்தது. வண்டி பாறையை முகர்ந்துகொண்டு நின்றது.

"கண்டக்டர், எறங்கு" என்றார் தெய்வநாயகம்.

எனக்கு இறங்குவதற்கு என்ன? ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலில் மழைக்காலத்தில் ஒரு பிடிப்பு வரும், சரியாக அந்த நேரம் பார்த்து வந்துவிட்டது. கம்பியிலிருந்து கையும் வரவில்லை, குளிரில் ஒட்டிக்கொண்டது. நின்றேன்.

"என்னய்யா, காது கேக்கல? ஒன்னாலதான் ஆகலையா? அப்ப மேல போனதும் பையக் குடுத்துடு."

பையைக் கொடு என்கிறார். வையாபுரிக்காகத் தாங்கியதற்கு எனக்கு இந்த மரியாதை. நான் வாயைத் திறப்பதற்குள் என்ஜின் சத்தம் நின்றது. சாவியைத் திருப்பிவிட்டு வையாபுரி எழுந்தான். எல்லார் முன்னாலும் சொன்னான்.

"சார், பிரச்சன அவருகிட்ட இல்ல. எனக்குத்தான் கை நடுங்குது. ஆடி மாசத்துலருந்தே நடுங்குது. வெளிய சொல்லல. நான்தான் அவர முன்னால உக்காரச் சொன்னேன். இருசப்பண்ணன் விசில் இல்லாம நான் இந்தப் பெண்டுல பின்னால எடுக்க மாட்டேன். சூசைய ஊதவிட்டு இத்தன நாளு எடுத்ததே போதும், இனி வேற யார் ஊதுனாலும் எங்காலு கிளச்ச விட்டு எந்திரிக்காது."

தெய்வநாயகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "மலை வண்டி டிரைவர் பேசற பேச்சா இது?" என்றார்.

"ஆமாங்க" என்றான் வையாபுரி.

அத்தனை பேர் நடுவில் ஒப்புக்கொண்டுவிட்டான் சார். நான் எவ்வளவு பத்திரமாக மறைத்து வைத்திருந்தேன், ஒரு நொடியில் போட்டு உடைத்துவிட்டான். இனி நான் போகாவிட்டால் அவன் கதி என்ன? கை கம்பியிலிருந்து வந்துவிட்டது. இறங்கினேன். அவனும் கூடவே இறங்கினான். என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம்வரை நடந்தான், தனியாக நடக்க முடியாமல். ஒரு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து, விளிம்புக்கு நன்றாக உள்ளே தள்ளிப் போட்டான். "அண்ணே, இந்தக் கல்லத் தாண்டி வண்டி வராது. நீங்க கல்லுக்குப் பக்கவாட்டுல, மேட்டுல நில்லுங்க. அங்க நின்னாலும் சக்கரம் தெரியும்" என்றான். எனக்கே சொல்லித் தருகிறான். பயத்தில் மனுஷன் என்னவெல்லாம் பேசுவான்.

அவன் சீட்டுக்குப் போவதற்குள் வண்டியிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கொட்டுகிற மழையில், கால் மரத்துப்போச்சு, கொஞ்சம் நின்றுவிட்டு ஏறுகிறோம் என்றார்கள். வந்தவர்கள் எனக்கும் பள்ளத்துக்கும் நடுவில் வரிசையாக நின்றுகொண்டார்கள். பலாப்பழம் விற்கிற மாதாயி எனக்குப் பின்னால் வந்து என் இடுப்பு பெல்ட்டை இறுக்கிப் பிடித்தாள். "வழுக்குது கண்டக்டரே, உங்களப் புடிச்சிக்கறேன்" என்றாள். அவள் தலைச்சுமையோடு அந்தச் சரிவில் ஓடி இறங்குகிறவள். அன்றைக்கு அவளுக்கும் பயம் வந்துவிட்டது. ஊரே பயந்து கிடந்தது சார், நான் ஒருத்தன் என்ன செய்வேன்?

விசிலை வாயில் வைத்தேன். ஊதினேன். சத்தம் வரவில்லை.

மழைத்தண்ணி உள்ளே போயிருக்கும். உதறிவிட்டு மறுபடி ஊதினேன். வெறும் காற்று. என்ஜின் உறுமிக்கொண்டே நிற்கிறது. வண்டி அசையவில்லை. ஊதவில்லையென்றால் அசையாதே, அதுதானே பாஷை. தெய்வநாயகம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்க்கிறார். எனக்குக் காதில் ஆடி மாசத்து மண் சரிகிற சத்தம் கேட்கிறது. மாதாயி பிடியை இன்னும் இறுக்கினாள். மழை கொட்டுகிறது.

அப்போது வையாபுரி உடம்பைப் பாதி வெளியே நீட்டி, நனைந்துகொண்டே, சாவகாசமாகக் கேட்டான். "அண்ணே, அந்தக் காட்டெரும கடைசில என்னதான் பண்ணுச்சு? நீங்க சொல்லவே இல்லையே."

கேட்கிற நேரமா இது? பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் சொல்லாமல் இருக்க முடியுமா? "திரும்பி வந்துச்சுடா" என்று கத்தினேன். "நான் தொங்கற மரத்தடிலயே வந்து நின்னுச்சு. கைய விட்டா விழட்டும்னு முதுகக் காட்டிக்கிட்டு, நீ கயிறு கட்டி எறங்கி வர்ற வரைக்கும் அசையாம நின்னுச்சு. உன்னப் பாத்ததுந்தான் போச்சு."

அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். எனக்குக் கத்தியதில் நெஞ்சு திறந்துவிட்டது. ஊதினேன். வந்தது சத்தம். விட்டு விட்டு ஊதினேன். அவ்வளவு பெரிய வண்டி, தூங்குகிற பிள்ளையைக் கீழே படுக்க வைக்கிற மாதிரி, அங்குலம் அங்குலமாக என்னை நோக்கி வந்தது. சக்கரம், கல், விளிம்பு, மூன்றும் என் கண்ணில். கல்லுக்கு ஒரு சாண் இருக்கும்போது நீளமாக ஊதினேன். நின்றது. கல்லைத் தொடவே இல்லை சார். அந்தக் கல் அங்கே இருந்திருக்கவே வேண்டாம்.

எல்லாரும் ஏறினார்கள். மேலே போய்ச் சேர்ந்தோம். என் பையை யாரும் கேட்கவில்லை. தெய்வநாயகம் வையாபுரியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மறு வாரத்திலிருந்து அவனை மலை ரூட்டிலிருந்து எடுத்து, சேலத்துக்குப் போகிற டவுன் வண்டியில் போட்டுவிட்டார். கை நடுங்குகிறவன் மலையில் ஓட்டக்கூடாதாம். மலையிலேயே பிறந்து, மலையிலேயே வீடு கட்டியவன், வாரத்துக்கு ஒருநாள்தான் பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தைப் பார்த்தான். ரிட்டயர் ஆகிறவரைக்கும் அப்படித்தான். நான் எவ்வளவு தாங்கியும் அவனைக் காப்பாற்ற முடியவில்லை. அதுதான் எனக்கு ஒரே குறை. ஆனால் ஒன்று, அதற்காக அவனுக்கு யார் மேலும் கோபம் இல்லை. டவுன் வண்டி நெரிசலில் ஒரு கையால் திருப்பி ஓட்டுவான். அந்தக் கை நடுங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. எல்லாம் உள்நடுக்கம்.

எனக்குக் குறை ஒன்றுமில்லை. அந்த மழைக்குப் பிறகு பதினேழில் நான்தான் ஊதினேன், ரிட்டயர் ஆகிறவரை. எத்தனையோ டிரைவர்கள் மாறினார்கள். சூசையின் கியர்பாக்ஸ் பைத்தியமும் மறுநாளே தெளிந்துவிட்டது. பெல்ட்டை மட்டும் கொஞ்சநாள் மாதாயி பிடித்துக்கொண்டிருந்தாள்.

விசிலா? அதை வையாபுரிக்கே கொடுத்துவிட்டேன். மனசுக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று. மாதம் ஒருதரம் இப்படிப் போய் அவனைப் பார்த்துவிட்டு வருகிறேன். நான் போகாவிட்டால் யார் அவனுக்குத் தைரியம் சொல்வது?

இதோ பதினாறு. மழையும் பிடித்துக்கொண்டது. அடுத்தது அதுதான். இப்போதெல்லாம் ரிவர்ஸ் கிடையாது, ஒரே மூச்சில் திரும்பிவிடும், நீங்கள் பயப்படவே வேண்டாம். உங்கள் கையைக் கொடுங்கள் சார். அப்படி இல்லை, இறுக்கமாக. உங்கள் கை ஏன் இப்படி ஜில்லிட்டுப் போயிருக்கிறது? இல்லை, இது என் கைதானோ? பரவாயில்லை, ஏதோ ஒரு கை. அந்தப் பள்ளத்தைப் பார்க்காதீர்கள். எதையாவது பேசுங்கள். அந்தக் காட்டெருமை என்ன நிறம் என்று கேளுங்கள்.

கேட்டதா சார்? விசில். விட்டு விட்டு ஊதுகிறது. அதோ பாருங்கள், கல்லுக்குப் பக்கத்தில், குடை பிடித்துக்கொண்டு. வீட்டிலேயே இருடா, நான் வந்துவிடுவேன் என்றால் கேட்பதில்லை. இந்த வயசில், இந்த மழையில், ஒவ்வொரு மாதமும் மேலே வீட்டிலிருந்து நடந்து இறங்கி வந்து இந்தப் பெண்டில் நின்று ஊதுகிறான்.

இன்னும் அந்தப் பயம் அவனை விடவில்லை பாருங்கள். கையை விட்டுவிடாதீர்கள் சார்.